பெருக்க வந்த ரெண்டாவது ஆளு

துடைப்பத்தைப் பாத்துட்டுக் காலை இழுத்துக்காதீங்க, புதுசுதான். நேத்து சாயந்தரம் வாங்கினது. இன்னும் ஒரு சருகைக்கூடத் தொடல. இப்படி ஜன்னலோரமாச் சாச்சு வெச்சிக்கறேன், குத்துச்சுன்னாச் சொல்லுங்க. கண்டக்டர் தம்பிக்கு என்னை நல்லாத் தெரியும். "துடைப்பத்துக்கு டிக்கெட் போடவா மேடம்"னு தினம் ஒரு வாட்டி கேப்பாரு. "எனக்கே ஓசி, அதுக்கு என்னய்யா டிக்கெட்டு"ம்பேன். ரெண்டு பேரும் சிரிப்போம். இருபத்து மூணு நாளா இதே பேச்சு, இதே சிரிப்பு.

என்ன அப்படிப் பாக்கறீங்க? மேடம்ங்கறாரு, கையில துடைப்பம் இருக்கேன்னா? சொல்றேன். நீங்க எதுவரைக்கும் போறீங்க? நாத்தனார் வீட்டுக்கா, கடைசி ஸ்டாப்பா? அப்பச் சரி, நிதானமாவே சொல்லலாம். எப்பவும் இதே பஸ்ஸோட ஆறே கால் டிரிப்புல போயிடுவேன். இன்னிக்கு எங்க வீட்டுக்காரரைக் கண் டாக்டர்கிட்ட காட்டிட்டு வர்றதுக்குள்ள பதினொரு மணி ஆயிடுச்சு. அதுவும் நல்லதுக்குத்தான், உங்களைப் பாத்தேன்ல.

எம்பேரு மங்கையர்க்கரசி. கும்பகோணம். தாலுகா ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனவ. வீட்ல சும்மா உக்காரப் பிடிக்கல. எங்க வீட்டுக்காரர் பேப்பரை விரிச்சா மத்தியானம் வரைக்கும் தலை வெளியில வராது. அப்பதான் இந்த உழவாரக் குழுவுல சேந்தேன். உழவாரம் தெரியும்ல? பழைய சிவன் கோயிலாப் பாத்துக் கூட்டமாப் போயி, புல்லு செதுக்கி, ஒட்டடை அடிச்சு, பிரகாரம் கழுவிவிட்டுட்டு வர்றது. மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. முப்பது பேரு, ஒரு வேன். பேங்க் மேனேஜர் இருப்பாரு, டாக்டரம்மா இருப்பாங்க, நகைக்கடைக்காரர் இருப்பாரு. வேன்ல ஏறிட்டா எல்லாரும் அடியார்தான். ஐயா, அம்மா, அவ்வளவுதான் பேச்சு. யாரு என்ன சாதின்னு கேக்கக் கூடாது. நானும் கேட்டதில்லீங்க. கேக்காமலே எனக்குத் தெரிஞ்சுடும், அது வேற.

தற்பெருமைன்னு நினைக்காதீங்க, பெருக்கறதுல என்னை அடிச்சிக்க எங்க குழுவுல ஆள் கிடையாது. நான் பெருக்குன இடத்துல இலை போடாமலே சோறு போட்டுத் திங்கலாம்னு டாக்டரம்மாவே சொல்லியிருக்காங்க. வீட்ல நான் துடைப்பம் தொட மாட்டேன், அதுக்குப் பவுனு வருவா. வீட்ல குனிஞ்சா முட்டி வலிக்கும், கோயில்ல குனிஞ்சா வலிக்காது. அது என்ன மாயமோ!

எங்க குழுத் தலைவர் பொன்னம்பலம் ஐயா, ரிட்டயர்டு போஸ்ட் மாஸ்டர். தங்கமான மனுஷன். மாசி மாசத்து உழவாரம் முடிஞ்சதும் எல்லாரையும் உக்கார வெச்சு ஒரு பேச்சு பேசினாரு. "கை பெருக்குது, மனசு பெருமை அடிக்குது. இது ஆகாது. அடுத்த மாசம் அகந்தை அடங்க ஒரு பயிற்சி வைக்கப் போறேன். யாருக்கு, எப்பன்னு சொல்ல மாட்டேன், அது பாட்டுக்கு வரும்"னாரு. சொல்லும்போது என்னையவே பாத்தாருங்க. சத்தியமா என்னையவே பாத்தாரு. டாக்டரம்மா சொன்னதுக்கு நான் பல்லைக் காட்டிட்டு நின்னது அவரு கண்ணுல பட்டுருச்சு போல.

பங்குனி மாசம் இந்தப் பக்கத்துக் கோயில். ஊர் பேரைக் கேக்காதீங்க, வம்பு வேணாம். எங்க எறங்கறேன்னு நீங்களே பாக்கத்தான போறீங்க. சின்னக் கோயில், ஆனா தினமும் மத்தியானம் அம்பது பேருக்கு அன்னதானம் உண்டு. நான் மொத நாளு மன்னார்குடியில தங்கச்சி வீட்ல இருந்தேன். அங்கேருந்து நேரா பஸ் புடிச்சு வந்துட்டேன். வேன் வர ஏழரை ஆகும், நான் ஏழுக்கே ஆஜர். வேன்ல ஏறும்போதுதான் எல்லாருக்கும் காவித் துண்டு குடுப்பாங்க, அதனால எங்கிட்ட துண்டு இல்ல. நகை போடக் கூடாதுங்கறது குழு விதி. பழைய சீலை, கையில துடைப்பம். துண்டு இருந்தா அடியாரு, இல்லேன்னா ஆளுன்னு அன்னிக்குத்தாங்க தெரிஞ்சுது.

கிழக்கு வாசல்ல காலை வெச்சேனோ இல்லியோ, ஒரு சத்தம். "ஏம்மா! வாசலோடவா நொழையுற? பெருக்க வர்ற ஆளெல்லாம் பின்பக்கம். மொத நாளே இந்த லட்சணமா?" கோயிலைப் பாத்துக்கற மணியம், கலியமூர்த்தின்னு பேரு. புதுசாப் பெருக்க ஒரு ஆள் அன்னிக்கு வர்றதா இருந்துச்சாம், அது நாந்தான்னு நினைச்சுட்டாரு மனுஷன்!

வேற யாரா இருந்தாலும் அங்கயே கிழிச்சிருப்பேன். தாலுகா ஆபீஸ்ல என் சத்தத்துக்கு ஃபேன் நிக்கும்பாங்க. ஆனா எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? அடடா, பயிற்சி ஆரம்பமாயிடுச்சு! பொன்னம்பலம் ஐயா ஏற்பாடு! இந்த மணியத்துக்கு முன்கூட்டியே சொல்லி வெச்சிருக்காரு! எனக்குத் தலைகால் புரியல சந்தோஷத்துல. முப்பது பேர்ல மொதல்ல என்னைத் தேர்ந்தெடுத்திருக்காரு பாருங்க! "சரிங்க ஐயா"ன்னு கையைக் கட்டிக்கிட்டு, வாயெல்லாம் பல்லா, கோயிலைச் சுத்திப் பின்வாசல் வழியாப் போனேன். திட்டு வாங்கிட்டு இப்படிச் சிரிக்கற ஆளை அந்தாளு பாத்திருக்கவே மாட்டாரு.

பின்னால மடப்பள்ளிச் சாக்கடைகிட்ட ஒருத்தி நின்னுக்கிட்டிருந்தா. காத்தாயி. ஊர்க் காலனியிலேருந்து வர்றவ, பதினோரு வருஷமா அங்க பெருக்கறா. அம்பது வயசு இருக்கும், ஒல்லி ஒடம்பு. என்னை மேலயும் கீழயும் பாத்தா. நான் பெருக்க ஆரம்பிச்சதும் கேட்டா பாருங்க: "என்னாக்கா நீ, தொடப்பத்தப் பேனா புடிக்கிறாப்புல புடிக்கிற?"

எனக்குச் சுருக்குன்னுது. உடனே மனசுக்குள்ள, மங்கை, இதுவும் பயிற்சிடி, அடங்கு, அடங்குன்னேன். இவளும் பொன்னம்பலம் ஐயா வெச்ச ஆளுதான், என்னமா நடிக்கறான்னு நினைச்சேன். காத்து அடிக்கிற பக்கமாத்தான் பெருக்கணும்னா. ஈரக் குப்பையை மொதல்ல தள்ளக் கூடாதுன்னா. நான் பெருக்குனதையெல்லாம் திரும்பவும் பெருக்க வெச்சா. மதில் அந்தப் பக்கம் நந்தவனத்துல எங்க குழு வந்து பதிகம் பாடிக்கிட்டு புல்லு செதுக்கறது கேக்குது. போனை உழவாரத்துல அணைச்சு வெச்சிடணும், அதனால கூப்பிடவும் வழியில்ல. கூப்பிடவும் தோணல. வேணும்னே என்னைத் தனியா விட்டிருக்காங்க, நடக்கட்டும் நடக்கட்டும்னு சாக்கடையைக் கழுவறேன். அத்தனை குஷி!

பத்து மணிக்குத் தண்ணி குடிக்க உக்காந்தோம். அப்பக் காத்தாயி சொன்னா, "யக்கா, நீ வந்தது நல்லதாப்போச்சு. பதினோரு வருசமா எனக்கு மோட்டார் ரூம்புக்குப் பின்னாடிதான் சோறு. பந்தியெல்லாம் முடிஞ்சு போசியில போட்டுக் குடுப்பாங்க. உள்ள உக்காரணும்னு நான் நெனைக்கிறது சோத்துக்கு இல்லக்கா. நான் கழுவுன தரையில நான் ஒரு நாளு உக்காரணும், அவ்வளவுதான். ஒருத்தியாக் கேட்டா திமிருன்னு நிறுத்திப்புடுவாரு மணியம். ரெண்டு பேராக் கேட்டா யோசிப்பாரு. இன்னிக்கு மத்தியானம் கேப்பமா?"

"கேப்போம்!"னேன். இதுதான் பரீட்சையில பெரிய கேள்வி, முழு மார்க்கு வாங்கிடணும்னு எனக்கு. "சிவன் மேல ஆணையாக் கேப்போம்"னு அவ கையில அடிச்சுச் சத்தியம் பண்ணேன். அவ என் கையை விடவே இல்ல, கொஞ்ச நேரம். நல்ல நடிப்புன்னு நினைச்சுக்கிட்டேன்.

மத்தியானம் ஆச்சு. கலியமூர்த்தி வந்து, "ரெண்டு பேரும் மோட்டார் ரூம்பாண்ட இருங்க, பந்தி முடிஞ்சதும் வரும்"னுட்டுப் போயிட்டாரு. காத்தாயி என் மூஞ்சியைப் பாத்தா. நான், "பொறு பொறு, சோதனை முடியட்டும்"ங்கறேன். "என்னா சோதனை?"ங்கறா அவ. எனக்கோ பசி. உள்ளேருந்து சாம்பார் வாசனை ஆளைத் தூக்குது. எட்டிப் பாத்தா, அன்னதானக் கூடத்துல எங்க குழு மொத்தமும் உக்காந்திருக்கு, பொன்னம்பலம் ஐயா இலையில ரெண்டாவது வடை விழுது! வடை தீர்ந்துட்டா அப்புறம் என்னத்துக்குப் பயிற்சி? நேரா வாசப்படிக்குப் போனேன்.

"சிவாயநம ஐயா. பயிற்சி முடிஞ்சுதுங்களா?"

"அட, அம்மா! நீங்களா? வரவே இல்லைன்னுல்ல நினைச்சோம். என்ன பயிற்சி?"

"போன மாசம் சொன்னீங்களே, அகந்தை..."

"ஓ, அதுவா? அதை நான் மறந்தே போயிட்டேனேம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்ப வாசல்ல நொழையாதேன்னது நெசம். பின்பக்கம் போன்னது நெசம். மோட்டார் ரூம் நெசம், போசி நெசம். என்னையவா! மங்கையர்க்கரசியையவா! கோவம் மூக்குக்கு மேல ஏறிடுச்சு. அதுக்குள்ள யாரோ கலியமூர்த்திகிட்ட, அவங்க தாலுகா ஆபீஸ் சூப்பிரண்டுன்னு சொல்லிட்டாங்க. மனுஷன் மூஞ்சியில ஈயாடல. "அம்மா, தெரியாமப் போச்சும்மா, மன்னிச்சுக்கங்கம்மா, முன்னால வாங்கம்மா, மொத இலை உங்களுக்குத்தாம்மா"ன்னு வழிஞ்சாரு பாருங்க, கூடம் முழுக்க வழுக்கிவிடற அளவுக்கு வழிஞ்சாரு.

நான் போனேங்க. ஒளிக்காமச் சொல்றேன். ரெண்டு எட்டு வெச்சுட்டேன். பின்னாடியிலேருந்து காத்தாயி கேட்டா, "அப்ப நீ பெருக்க வந்தவ இல்லியாக்கா?"

கோவமாக் கேட்டிருந்தா நான் பாட்டுக்குப் போயி உக்காந்திருப்பேன். கோவத்துக்கெல்லாம் நான் அசைய மாட்டேன். அவ ஏமாந்துபோயிக் கேட்டாங்க. அவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் வந்துச்சுன்னு காலையிலேருந்து நினைச்சிட்டிருந்தா, அந்த ஆளு மேடமாயிடுச்சு. எனக்கு அந்தச் சத்தியம் ஞாபகம் வந்துச்சு. வேற யாரு மேலயாவது பண்ணியிருந்தாலும் பரவால்ல. சிவன் மேல. அவரு பத்தடி தூரத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்காரு!

திரும்பிட்டேன். "பெருக்கத்தாண்டி வந்தேன். அஞ்சு மணி நேரமாப் பெருக்கலியா? நீயே ரெண்டு வாட்டி பெருக்க வெச்சியே. வா உள்ள"ன்னு கையைப் புடிச்சேன். அந்தக் கையைக் காலையில பிடிச்சப்ப ஒண்ணும் தோணல. இப்ப முப்பது பேரு பாக்கறாங்கன்னதும் ஒரு நொடி என் கை கூசுச்சுங்க. ஒரே ஒரு நொடிதான். அதையும் சொல்லிடறேன், சாமிகிட்ட சொல்லியாச்சு, உங்ககிட்ட என்ன.

கலியமூர்த்தி ஓடி வந்தாரு. "மேடம், நீங்க வாங்க. அவ வேணாம். பந்தி எந்திரிச்சிடும்." பொன்னம்பலம் ஐயா கையில வடையை வெச்சுக்கிட்டே, "அம்மா, நீங்க சொல்றது நியாயம். ஆனா சாப்பாட்டு நேரம். ஒரு மனுவா எழுதி..."ன்னாரு.

மனுவா! எங்கிட்டயா! முப்பத்தோரு வருஷம் நான் வாங்கின மனுவெல்லாம் எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா?

துடைப்பத்தைத் தூக்கிட்டேன். "எந்திரிக்கறவங்க தாராளமா எந்திரிங்க. எச்சிலையை எடுத்துப் போட்டு இடத்தைக் கழுவ நாங்க ரெண்டு பேரும் தயார். அதுக்குத்தான கோயில்ல எங்களை வெச்சிருக்கீங்க!" ஃபேன் நின்னுச்சோ என்னவோ, கூடத்துல யாரோ அப்பளம் கடிக்கற சத்தம் மட்டும் கேட்டுது. அன்னிக்கு அன்னதானம் பண்ணவரு, பெரிய கை, எந்திரிச்சாரு. அவருக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பேரு எந்திரிச்சாங்க. அந்த நேரம் பாத்து மடப்பள்ளியிலேருந்து பாயச வாளி வருதுங்க! சேமியா பாயசம், முந்திரி மிதக்குது. எந்திரிச்ச மூணு பேர்ல ஒருத்தர் வாளியைப் பாத்தாரு, பெரியவரைப் பாத்தாரு, மறுபடி வாளியைப் பாத்தாரு, உக்காந்துட்டாரு! டாக்டரம்மாவுக்குச் சிரிச்சுப் பொறை ஏறிடுச்சு. எனக்கு இப்ப நினைச்சாலும்... இருங்க, சிரிச்சிக்கறேன்.

மத்த ரெண்டு பேரும் வெளியில போயிட்டாங்க, ஆனா பந்தி கலையல. நாங்க உக்காந்தோம். காத்தாயி சம்மணம் போட்டு உக்காந்து, மொதல்ல தரையைத் தடவிப் பாத்தா. அப்புறம் சாம்பார் சோத்துல கையை வெச்சவ வெடுக்குன்னு இழுத்துக்கிட்டா. "சுடுதுக்கா"ன்னா. பதினோரு வருஷமா அதே சமையக்காரர் வெச்ச சாம்பாரைத்தான் திங்கறா. அது சுடும்னு அவளுக்கு அன்னிக்குத்தான் தெரியும். எனக்கு அழுகை வந்துடுச்சுங்க. மொளகாயைக் கடிச்சுட்டேன்னு சொல்லிச் சமாளிச்சேன்.

அதோட முடிஞ்சிருந்தா நான் இன்னிக்கு இந்த பஸ்ஸுல இல்ல. சாயந்தரம் வேன்ல ஏறப் போறேன், கலியமூர்த்தி காத்தாயிகிட்ட சொல்றாரு, என் காதுல விழுது: "மேடம் ஒரு நாள் கூத்து. நாளைக்கு மேடம் இருக்க மாட்டாங்க. நான் இருப்பேன், நீயும் இருப்ப."

ராத்திரி பூரா அந்த வார்த்தை. விடிஞ்சதும் ஆறே கால் பஸ்ஸைப் புடிச்சேன். பின்வாசல்ல என்னைப் பாத்ததும் கலியமூர்த்தி திருநீற்றுத் தட்டைத் தவற விட்டுட்டாரு. "புது ஆளு வரலையாமே? சம்பளத்தைக் கேட்டதும் வேணாம்னு ஓடிட்டாளாமே? நான் வந்துட்டேன். சம்பளம் வேணாம். சாப்பாடு மட்டும், கூடத்துல"ன்னேன். அன்னிக்குப் போனேன், மறுநாள் போனேன், இன்னிக்கு இருபத்து நாலு. இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு நாள் அடியார் இல்ல நான், தினப்படி அடியார்!

எங்க வீட்டுக்காரர் ரெண்டு நாள் பேசல. சொந்தக்காரங்க கேட்டா, யோகா கிளாஸுக்குப் போறான்னு சொல்லிக்கிட்டிருக்காரு. குழுவுல விஷயத்தைச் சொன்னேன், எந்திரிச்சு நின்னு கை தட்டினாங்க. தட்டிட்டு, அடுத்த மாசம் வேற கோயில்னு முடிவு பண்ணிட்டாங்க. பவுனுதான் மொறைக்கறா. நான் அலுத்துப்போயி வர்றேனா, வீட்ல ஒரு துரும்பை நகத்த முடியல. அவளுக்குத் தினம் ஒரு மணி நேரம் வேலை கூடுது. இந்தப் புண்ணியத்துல உனக்கும் பங்கு உண்டுடின்னு சொல்லியிருக்கேன். அப்பவும் மொறைக்கறா. காத்தாயிகிட்ட இதைச் சொன்னேன். "அவ உங்க வீட்ல எங்கக்கா உக்காந்து திம்பா?"ன்னு கேட்டா. பின்கட்டுல, நிம்மதியா, யாரு தொந்தரவும் இல்லாமன்னேன். பெருக்கறதை நிறுத்திட்டு என்னை ஒரு பார்வை பாத்தா. மறுபடி பெருக்க ஆரம்பிச்சுட்டா. எதுக்கு அப்படிப் பாத்தாளோ, நானும் யோசிச்சுக்கிட்டே இருக்கேன், புடிபடல.

எல்லாம் நல்லாத்தான் போயிட்டிருக்கு. ஒரே ஒரு குறை. நான் காத்தாயிக்கு வலது பக்கம் உக்காருவேன். இடது பக்கம் இலை போடறாங்க, தண்ணி தெளிக்கறாங்க, சோத்து வாளியோட வந்து நிக்கறாங்க. அங்க ஆள் இல்ல. இருபத்து மூணு நாளும் ஆள் இல்லீங்க. கூட்டம் வந்தாலும் சுவரோரமா நின்னு அடுத்த பந்திக்குக் காத்திருக்காங்களே தவிர, அந்த இலையில உக்கார மாட்டேங்கறாங்க. வெளியூர்லேருந்து சாமி கும்பிட வர்றவங்ககூட, மத்தவங்களைப் பாத்துட்டு, உக்கார மாட்டேங்கறாங்க. "நல்லதுதான்க்கா, கைய வீசித் திங்கலாம்"ங்கறா காத்தாயி. சிரிச்சுக்கிட்டேதான் சொல்றா. ஆனா சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டேங்கறா. எனக்கு இருக்கறது ஒரே ஒடம்பு, ரெண்டு பக்கமும் எப்படி உக்கார்றது?

அதோ, கோபுரம் தெரியுது பாருங்க, புளியமரத்துக்கு மேல. மணி என்ன, பன்னெண்டு ஆகப் போகுதா? பந்திக்குச் சரியா இருக்கும். ஏங்க, நாத்தனார் வீட்டுக்குச் சாயந்தரம் போனாலும் அதே காப்பியைத்தான தரப் போறாங்க? நீங்க பெருக்க வேணாம், ஒண்ணும் பேச வேணாம், சும்மா உக்காந்து சாப்பிட்டாப் போதும். சங்கடமா இருந்தா வேணாம், நான் தப்பா நினைக்க மாட்டேன். பழகிடுச்சு, இது வரைக்கும் ஆறு பேர்கிட்ட கேட்டுட்டேன், எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை வந்துடுது.

சரி, வரட்டுமா. கொஞ்சம் காலை நகத்துங்க. ஐயோ, எனக்கு வழிவிட எந்திரிக்க வேணாங்க, உக்காருங்க, இந்த இடமே போதும். பையை எதுக்கு எடுக்கறீங்க? பை இருக்கட்டும், நான் தாண்டிப் போயிடுவேன்... என்னது? நெசமாவா? விளையாடாதீங்க. நெசமாத்தானா?

கண்டக்டர் தம்பி! விசில் அடிச்சிடாதீங்க, இருங்க, இருங்க! ரெண்டு பேரு எறங்கணும்!